காரில் மரே பேச்சு கூடாது

ஓவாக்கா
15 ஜனவரி 1984

மரே,

கடிதம் என்றதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிடாதே. போனில் பேசியிருக்கலாம். ஆனால் எங்கள் ஒரே லைனை ஆறு பண்ணைகள் பகிர்ந்துகொள்கின்றன. நான் போனை எடுத்த மறுநொடி மிசஸ் டூகல் மூச்சுவிடுவது எனக்குக் கேட்கும். நம் வீட்டுச் சண்டை அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் டீயோடு பரிமாறப்படும்.

கிறிஸ்துமஸ் அன்று உன் அம்மா பன்றித் தொடையை அறுத்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னதை நீ இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று ஈவன் சொன்னான். "மரே காரா கட்டுறான்? தம்பிக்குச் சவப்பெட்டி கட்டுறான்" என்றேன். சொன்னது சொன்னதுதான், அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நவம்பரில் சக்கரம் கழன்று நாங்கள் வேலியில் போய் விழுந்தோமே, அப்போது உன் தம்பி மூக்கில் ரத்தம் வழிய ரோட்டோரம் நின்றான். நீ ஓடி வந்தாய். வந்ததும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாய். அதன்பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாய். நான் கட்டிக்கொண்டவனுக்கு அண்ணன் என்று ஒருவன் இருந்து என்ன பயன் என்று எனக்கு அன்றே வயிறு எரிந்தது.

இந்த வருஷமும் ராலிப் பந்தயத்தில் ஈவன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லப்போவது நான்தான். ஜெயிப்பது உன் கவலை. அவனை முழுசாக வீட்டுக்குக் கூட்டி வருவது என் கவலை. நான் பக்கத்தில் இருந்தால் அவன் கால் கொஞ்சமாவது அடங்கும்.

உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை. காரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. ஈவனிடமும் சொல்லிவிட்டேன்: காருக்குள் மரே பேச்சு கூடாது. மூடிய பெட்டிக்குள் உன் பெயரையும் சேர்த்து அடைத்துக்கொண்டு என்னால் வழி சொல்ல முடியாது.

ரேவின்


கோர்
4 பிப்ரவரி

ரேவினுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பிரித்தேன். உன் வாய்க்கு உன் எழுத்து ஒன்றும் சளைத்ததில்லை.

சக்கரத்தை முதலில் பார்த்தேன், உண்மைதான். இரண்டு காலில் நிற்கிறவன் பிழைத்துவிட்டான் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. சக்கரம் ஏன் கழன்றது என்று தெரியாவிட்டால் அடுத்த தடவை அவன் அப்படி நிற்க மாட்டான். இதை அன்றே சொல்லியிருப்பேன். நீ சொல்லவிடவில்லை.

கார் விஷயம். பழைய எஸ்கார்ட் காரின் எலும்புதான், மற்றதெல்லாம் புதுசு. கண்ணாடிகளைக் கழற்றி பிளாஸ்டிக் போட்டுவிட்டேன். கதவுகளைத் தகரமாகச் சீவினேன். இன்ஜினைத் திறந்து ஒவ்வொரு சாமானாக எடைபோட்டுத் திரும்ப மாட்டினேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எடையைக் கூட்டியிருக்கிறேன். உங்கள் இருவரையும் சுற்றி இருக்கிற இரும்புக் கூண்டில். சவப்பெட்டி கட்டுகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

இப்போது ஒரு சிக்கல். உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். இந்த நாட்டு ராலியில் யாருக்கும் சாலையை முன்கூட்டிப் பார்க்க அனுமதி இல்லை. அவர்கள் கொடுக்கிற வழிப்புத்தகமும் உன் மடிக்கு முன்னால் இருக்கிற, ஓடிய தூரம் காட்டும் டிரிப் மீட்டரும்தான் உங்கள் இருவருக்கும் கண். டயர் உயரம் மாறினால் அந்த மீட்டர் பொய் சொல்லும். டயர் ஒரு கட்டைவிரல் அகலம் உயர்ந்தால் போதும், கார் எட்டு கிலோமீட்டர் போயிருக்கும், மீட்டர் ஏழே முக்கால் என்று காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் டயர் மாற்றியதும் நான் உன் ஜன்னலுக்கு வந்து சொல்வேன். நீ மீட்டரில் எண்ணை மாற்றிவிட்டு அந்த எண்ணை என்னிடம் திருப்பிச் சொல்வாய். நீ சொல்லிக் கேட்காமல் நான் ஜன்னலைவிட்டு நகர்ந்ததே கிடையாது.

இப்போது பேச்சு இல்லை என்கிறாய். சரி. ஜன்னலுக்கு வந்து நான் என்ன செய்வது, குரைப்பதா?

மரே


ஓவாக்கா
11 ஏப்ரல்

மரே,

வைமாட்டேயில் நாலாவதாக வந்ததற்கு உனக்கும் பங்கு உண்டு என்று ஈவன் என்னை எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன்.

உன் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்திருக்கும். இடைவேளையில் நீ அவனிடம் ஏதோ சொன்னாய். நான் ஜன்னலை ஏற்றிவிட்டு வழிப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தான். உன் பெயரைச் சொல்லக் கூடாதே. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிளாக்கி சொல்லுது, சின்ன டயர் போட்டாச்சாம்" என்றான்.

ஆடு மேய்க்கும் எங்கள் வீட்டு நாய் பிளாக்கி இருநூறு மைலுக்கு அப்பால் சமையலறை மேஜைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "பிளாக்கிக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டேன். "எங்கண்ணனுக்குத் தெரிஞ்ச அளவு தெரியும். மோப்பம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான். மீட்டரை மாற்றிவிட்டேன்.

ஆகவே இனி அப்படியே நடக்கட்டும். நீ அவனிடம் சொல். அவன் நாய் பேரில் என்னிடம் சொல்வான். என் கோபம் அப்படியேதான் இருக்கிறது, இதைப் படித்துவிட்டுச் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்து வந்துவிடாதே.

ரேவின்


கோர்
12 ஜூன்

ரேவினுக்கு,

டனீடனில் இரண்டாவது இடம்! இருபது வருஷமாகக் கார் கட்டுகிறேன். என் கையில் பிறந்த ஒன்று இவ்வளவு தூரம் வந்ததில்லை. உறைபனி ரோட்டில், ஆட்டு மந்தை குறுக்கே வந்து நின்றும், முதலில் வந்தவனைவிட ஒன்பது நொடிதான் பின்னால். நீங்கள் கடைசி மேட்டைத் தாண்டி வந்தபோது நாலு சக்கரமும் தரையில் இல்லை. இறங்கியது பூனை இறங்கியது போல இருந்தது. நான் அழுதேன். யாரிடமும் சொல்லாதே.

பட்டறை பெஞ்சில் துணியில் சுற்றி வைத்திருந்த சீஸ் ரோல்கள் கிடைத்தன. யார் வைத்தது என்று எழுதியிருக்கவில்லை. கொண்டுவந்தவன் வழியில் பாதியைத் தின்றிருக்கிறான், அதிலிருந்தே எந்த வீட்டில் செய்தது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்தது ஆகஸ்டில் நெல்சன். அங்கே காலையில் ஓடும் ரோடுகள் ஒழுங்காக இருக்கும். மத்தியானம் வேறு காட்டு ரோடுகள், முன்னால் போன கார்கள் உழுதுவிட்டுப் போயிருக்கும், காரின் வயிறு தரையில் தட்டும். அதற்காகச் சக்கர வளைவுகளை வெட்டி அகலப்படுத்துகிறேன். மத்தியானத்துக்கு மட்டும் உயரமான டயர் போடலாம். இன்ஜினிலும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, எடுக்கிறேன். இந்த வருஷம் பட்டம் நமக்குத்தான் என்று அடித்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
பிளாக்கி


ஓவாக்கா
3 ஜூலை

மரே,

நீ நாய் பேரில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துச் சிரித்தேன். அதனால்தான் இதை எழுதத் தைரியம் வந்தது. கேலி செய்யாமல் படி.

எனக்குப் பயமாக இருக்கிறது. டனீடனில் கார் பூனை போல இறங்கியது என்கிறாய். நான் உள்ளே இருந்தேன். நான் ரோட்டைப் பார்ப்பதே இல்லை, தலை குனிந்து புத்தகத்தையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்ப்பதுதான் என் வேலை. ரோடு எனக்கு முதுகிலும் இடுப்பிலும்தான் தெரியும். "இருநூறு மீட்டரில் இடது, குறுகல்" என்று நான் சொல்லி முடிக்கும்போது என் இடுப்பு ஏற்கெனவே இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு தடவை இல்லை, பல தடவை. வார்த்தைக்கு முன்னால் வளைவு வந்துவிடுகிறது. இதுவரை தப்பித்தோம். அவ்வளவுதான்.

ஈவனிடம் சொன்னால் கட்டிப்பிடித்துவிட்டு ஆட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விடுகிறான். இந்த சீசனோடு நிறுத்திவிடுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். இன்னும் இரண்டே ராலி. அந்த இரண்டையும் அவன் தாண்டிவிட்டால் போதும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம். இன்ஜினில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றாயே, அதை அப்படியே விட்டுவிடேன். கொஞ்சம் குறைத்தாலும் அவனுக்குத் தெரியாது. மூன்றாவது இடம் வந்தாலும் அம்மா வீட்டு அலமாரியில் கோப்பை வைக்கலாம். உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ரேவின்


கோர்
19 ஜூலை

ரேவினுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

காரைக் குறைக்க மாட்டேன். குறைத்தால் ஈவனுக்குத் தெரியும். முதல் வளைவிலேயே கண்டுபிடித்துவிடுவான். அதன்பிறகு என் முகத்தில் விழிக்க மாட்டான்.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று உண்மை. கார் உன் வாயைத் தாண்டி ஓடுகிறது. அதில் கார் மேல் என்ன குற்றம்? இன்வர்கார்கிலில் ஹாமிஷ் என்று ஒருத்தன் இருக்கிறான். வடக்குத் தீவில் இரண்டு வருஷம் வழி சொல்லிப் பழகியவன். வாசித்துக் காட்டச் சொன்னேன். மிஷின் மாதிரி வாசிக்கிறான். உன்னைவிட இருபது கிலோ குறைவு வேறு. நெல்சனுக்கும் கடைசி ராலிக்கும் அவன் உட்காரட்டும் என்று நேற்று ஈவனிடம் சொன்னேன். பயப்படுகிறவள் வீட்டில் நிம்மதியாக இருக்கலாமே. உன் நன்மைக்காகவும்தான் சொல்கிறேன்.

 உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான் ஈவன். கோபப்படாமல் யோசி.

மரே


ஓவாக்கா
2 ஆகஸ்ட்

மரே,

யோசித்தேன்.

என்னை எடைபோட்டுப் பார்த்திருக்கிறாய். கதவைச் சீவியது போதாமல் என்னையும் சீவப் பார்க்கிறாய். நான் பயத்தைச் சொன்னேன், நீ அதை எடுத்து என்னையே வெளியே தள்ளப் பார்த்தாய். இதைவிட நீ என்னை அறைந்திருக்கலாம்.

ஈவன் என்னைக் கேட்டான். நானும் சொன்னேன்: "நான் உக்காரலேன்னா நீயும் உக்காரக் கூடாது." அவன் சரி என்றான். நெல்சனுக்கு நான்தான் வருகிறேன். நீ என் பக்கமே வராதே. ஜன்னலில் கை வைக்காதே. எனக்குத் தேநீர் நீட்டாதே.

இன்னொன்று. நாய் விளையாட்டும் முடிந்தது. "அவன் பேரும் வேண்டாம், நாய் பேரும் வேண்டாம். கார்ல உக்காந்ததும் அந்த ஆளைப் பத்தி ஒரு வார்த்தை வந்தா இறங்கிப் போயிடுவேன்" என்று ஈவனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. சமாதானமாகப் போகத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான் நம் மூவரில்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ரேவின்


ஓவாக்கா
6 செப்டம்பர்

ரேவினுக்கு,

உன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றாய். யாராவது உனக்கு இதையெல்லாம் சொல்லியாக வேண்டும்.

போன வியாழக்கிழமை ஈவனை அடக்கம் செய்தோம். உனக்காக நாலு நாள் தள்ளிப்போட்டுப் பார்த்தோம். உன் இடுப்பு எலும்பு கூடாமல் உன்னை நெல்சனிலிருந்து அனுப்ப மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழை பெய்தது. ஓவாக்கா மொத்தமும் வந்திருந்தது. எதிர்த்து ஓட்டியவர்கள் ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். அம்மா அழவில்லை. ஹாலில் எல்லோருக்கும் டீ ஊற்றினாள். குடிக்க ஆள் இல்லாமல் போன பிறகும் கோப்பைகளை வரிசையாக வைத்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். மிசஸ் டூகல்தான் கெட்டிலை வாங்கி வைத்துவிட்டு அவளைக் கூட்டிப்போனாள். அந்தப் பொம்பளையைப் பற்றி நாம் பேசியது கொஞ்சம் அதிகம்தான்.

ஆடுகள் ஈனத் தொடங்கிவிட்டன. பட்டறையைப் பூட்டிவிட்டேன், நீ வரும்வரை இங்கே இருக்கிறேன். எனக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும், பிளாக்கிதான் வேலை வாங்குகிறது. சாயங்காலம் ஆனதும் கேட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது. கூப்பிட்டால் வருகிறது, திரும்பவும் போய்விடுகிறது.

கார் போலீஸ் கொட்டகையில் இருக்கிறது. உன் பக்கத்துக் கூண்டு உடையாமல் நின்றிருக்கிறது. அவன் பக்கம் பாலத்தின் மரத்தூண் உள்ளே வந்துவிட்டது. எந்தக் கூண்டும் அதைத் தாங்காது என்று போலீஸ்காரர் சொன்னார், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

மரே


ஆஸ்பத்திரி, நெல்சன்
21 செப்டம்பர்

மரே,

வலது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். இடது கையால் கிறுக்குகிறேன், பொறுத்துக்கொள்.

ஆடுகளைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை, ஆனால் நன்றி.

அவன் போனதை நான் இன்னும் நம்பவில்லை. காலையில் கண் விழித்ததும் ஆட்டுக் கொட்டகைக்குப் போயிருப்பான் என்று நினைக்கிறேன். பிறகு இந்தக் கட்டில் ஞாபகத்துக்கு வருகிறது. இரவு பகல் ஒரே யோசனை. பாலம் ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது?

ஏழு புள்ளி எட்டில் பாலம், குறுகல், அதற்கு முன்னால் வலது திருப்பம் என்று புத்தகத்தில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் மீட்டரை விட்டு விலகவில்லை. ஏழரையைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. இருநூறு மீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. "இருநூறில் பாலம், பிரேக்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஈவன் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் காதில் கேட்டது. 

தொடக்கத்தில் ஒரு கேட் வந்தது. அதுவும் கொஞ்சம் முன்னாலேயே வந்தது. புத்தகம் எழுதியவன் குடித்துவிட்டு அளந்திருக்கிறான் என்று திட்டினேன். பிறகு பாலம்வரை சரிபார்த்துக்கொள்ள ஒரு அடையாளமும் இல்லை, வெறும் காடு. அந்தப் புத்தகத்தை எழுதியவனை நான் விட மாட்டேன் மரே. எழுந்து நடக்க முடிந்த அன்றே அவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். விசாரணையில் நீயும் இதைச் சொல்ல வேண்டும்.

ரேவின்


ஓவாக்கா
4 அக்டோபர்

ரேவினுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

புத்தகம் சரி. அன்று மத்தியானம் அந்த ரோட்டில் ஓடிய எல்லாரிடமும் அதே புத்தகம்தான் இருந்தது. எல்லாரும் அந்தப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள்.

நான் கேட்க வேண்டும் என்றது இதைத்தான். இடைவேளையில் உயரமான டயரைப் போட்டேன். போடலாம் என்று ஜூனிலேயே எழுதியிருந்தேன், ஆனால் அன்று போட்டேனா இல்லையா என்பது உள்ளே இருக்கிற உனக்கு எப்படித் தெரியும்? நீ ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாய். நான் உன் பக்கம் வரவில்லை. வராதே என்று எழுதியிருந்தாய். ஈவன் பின்பக்கம் நின்று கறி அடைத்த ரொட்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தான். "உயரமான டயர் போட்டுட்டேன், அவகிட்ட சொல்லு, எண்ணை மாத்தச் சொல்லு" என்றேன். "சொல்றேன்" என்றான். இரண்டாவது தடவையும் சொன்னேன். "சொல்றேன்டா, என் தலைவிதி உங்க ரெண்டு பேருக்கும் தூது போறதுதானே" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மீட்டர் பழைய எண்ணிலேயே இருக்கிறது என்பதை போலீஸ் கொட்டகையில் என் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து உன்னை வெறுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன். உன் ஆட்டுக்குட்டிகளைத் தாய் வயிற்றிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டே உன்னைச் சபித்தேன். அவன் சொல்லியிருப்பான், என் மேல் இருக்கிற ஆத்திரத்தில் இவள் மீட்டரில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். போலீஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. புருஷனை இழந்து கட்டிலில் கிடக்கிறவள் தலையில் இதையும் போடுவதா என்று பொறுத்துக்கொண்டேன்.

இப்போது உன் கடிதத்தைப் படித்தால் உனக்கு டயர் மாற்றியதே தெரியாதது போல இருக்கிறது. அவன் உன்னிடம் சொன்னானா இல்லையா? ஒரே ஒரு வரி எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

மரே


ஆஸ்பத்திரி, நெல்சன்
12 அக்டோபர்

மரே,

சொல்லவில்லை.

இந்த ஒரு வரியோடு முடித்து உறையை ஒட்டிவிட்டேன். நர்ஸ் தபாலுக்கு எடுத்துப்போக வந்தபோது திரும்ப வாங்கிக் கிழித்துத் திறந்தேன். நீ என்னை வெறுத்ததை மறைக்காமல் எழுதினாய். நானும் மிச்சத்தை எழுதுகிறேன்.

இடைவேளை முடிந்து அந்த ரோட்டின் தொடக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். காட்டு வழி, மெதுவாகத்தான் போனான். ஹெல்மெட் போட்டிருந்தோம், அவன் குரல் என் காதுக்குள் கேட்டது. காலையிலிருந்து நான் அவனோடு வழியைத் தவிர எதுவும் பேசியிருக்கவில்லை. உன் பக்கத்தில் நின்று அவன் சிரித்துப் பேசியதைக் கண்ணாடியில் பார்த்து எரிச்சலாக இருந்தது. அவன் தொண்டையைக் கனைத்தான்.

"பிளாக்கி..." என்று ஆரம்பித்தான்.

நான் கையை நீட்டி அவன் முகத்துக்கு முன்னால் காட்டினேன். "வேண்டாம் ஈவன். அந்தப் பேச்சை எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்ல. ரோட்டைப் பாரு" என்றேன்.

"சரிம்மா, சரி" என்றான். கொஞ்ச தூரம் சீட்டியடித்தான். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது என்னைப் பார்த்து வாயைத் திறந்த மாதிரி இருந்தது, நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கொடி விழுந்துவிட்டது. மறந்தானா, முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தானா, என் கோபத்துக்குப் பயந்து விட்டுவிட்டானா, எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நான்தான் அவன் வாயை மூடினேன்.

சமாதானம் பேச ஆரம்பிக்கிறான் என்று நினைத்தேன் மரே. நம் இருவரையும் சேர்த்துவைக்க ஏதோ வேடிக்கை சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். டயர் என் மூளைக்கு எட்டவே இல்லை. அந்த கேட் முன்னால் வந்தபோதாவது எட்டியிருக்க வேண்டும்.

அவனைக் கூட்டி வருவதுதான் என் வேலை என்று உனக்கு எழுதினேன். விசாரணையில் இதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் நீ சொல்லிவிடு, எனக்கு முடியாது.

அடுத்த மாதம் என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அதற்குள் நாயை நீ கோருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு. அது ஓடிவந்தால் நான் அதன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

ரேவின்


ஓவாக்கா
9 நவம்பர்

ரேவினுக்கு,

விசாரணை நேற்று முடிந்தது. உன்னால் வர முடியாது என்பதால் ஆஸ்பத்திரியில் நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை அங்கே வாசித்தார்கள். ஒன்றையும் விடாமல் வாசித்தார்கள். அம்மா முன்வரிசையில் இருந்தாள். நான் முன்தினமே அவளிடம் சொல்லியிருந்தேன். வாசித்து முடிந்ததும் அவள் எழுந்து வெளியே போனாள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்காததுக்கு அவன் என்னடா பண்ணுவான்" என்றாள்.  நீ வருகிற அன்று அவள் இங்கே இருப்பாளா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். "டயர் மாற்றியதை வழி சொல்பவரிடம் நீங்கள் சொன்னீர்களா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். "இல்லை" என்றேன். "அது யார் வேலை?" என்றார். "என் வேலை" என்றேன். உன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று நினைக்காதே. ஆறு வருஷம் ஜன்னலுக்கு வந்து சொன்னவன் நான். அன்றும் ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நீ ஏற்றி வைத்திருந்தால் நான் தட்டியிருக்கலாம். அந்தப் பிளாஸ்டிக்கை உடைத்தாவது சொல்லியிருக்கலாம். உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வீம்பாக நின்றேன். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். டிரிப் மீட்டரைக் கழற்றி நானே சுத்தியலால் அடித்தேன். இனிமேல் கார் கட்ட மாட்டேன்.

நாயைக் கூட்டிப்போகச் சொன்னாய். மூன்று தடவை முயன்றேன். வண்டிப் பக்கமே வர மாட்டேன் என்கிறது. கேட்டை விட்டு நகராமல் படுத்திருக்கிறது. கயிற்றைக் காட்டினால் உறுமுகிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வந்துவிடும், முன்பெல்லாம் வருமே. உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. விசில் அடித்துப் பார்க்கிறேன், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறது.

நீ வரும்போது அது கேட்டில்தான் இருக்கும் ரேவின். நானும் இருப்பேன். யாராவது ஒருத்தர் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

மரே